கடகடவென்றால் சாவியைத் திருப்பாதீர்கள்

மாசி மாதம். சம்பா நெல் களத்தை விட்டு வெளியே வரும் நேரம். வலங்கைமானுக்குப் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், நாற்பது கிலோ மூட்டைகளை அடுக்கிக்கொண்டு என் மைத்துனரின் பிக்-அப் வரிசையில் நின்றிருந்தது. முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் ஸ்டார்ட் செய்து பத்தடி போக வேண்டும், நிறுத்த வேண்டும். மதியத்துக்குமேல் அப்படி ஒருமுறை சாவியைத் திருப்பியபோது, தகர டின்னில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். பொட்டென்று நின்றுவிட்டது.

“செல்ஃப் நல்லா எடுக்குது அத்தான், ஸ்டார்ட்தான் ஆவல. டீசல் ஏறல போலிருக்கு” என்றார் போனில். நான் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு தடவை அடித்துப் பார்த்துவிட்டார். செல்ஃப் நன்றாக எடுத்ததில்தான் வினையே இருந்தது. வழக்கமான முக்கல் முனகல் இல்லாமல் இன்ஜின் லேசாக, வெறுமனே சுற்றினால், உள்ளே டைமிங் செயின் போயிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றி, பிக்-அப்பை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி வந்த கோலத்தைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர், “என்ன தம்பி, இதுக்கும் மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டார். நோயிலிருந்து பிழைத்தவர்களைப் பிணம்போலப் பாடையில் கிடத்தித் தூக்கி வந்து நேர்த்திக்கடன் செலுத்தும் பாடைக்காவடி எங்கள் ஊர் மகா மாரியம்மன் கோயிலில் பங்குனியில் நடக்கும். அதற்கு இன்னும் நாள் இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் அறுவடை சீசன், பத்து நாள் ஆகும் என்றார்கள். மைத்துனருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், வயது அறுபதுக்கு மேல், “கொட்டகையிலேயே பிரிச்சிடலாம், அவசரப்படாம இருந்தா” என்றார். அவசரப்படாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தச் சங்கிலிக்கு உள்ள வேலை ஒன்றுதான். கீழே கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் மேலே கேம்‌ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கில்தான் வால்வுகள் திறந்து மூடும். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி இருக்கிறதென்று சொல்வதற்குத்தான் இருக்கும். சங்கிலி சில பல் தாண்டினாலே மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை முட்டி வளைத்துவிடும்.

ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாம் கழற்றி ஃப்ரண்ட் கவரை எடுத்தோம். கிராங்க் புல்லி போல்ட் மட்டும் அரை நாள் தின்றது. உள்ளே சங்கிலி அறுந்திருக்கவில்லை, தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. அது உராய்ந்து ஓடும் பிளாஸ்டிக் கைடு துண்டு துண்டாகி ஆயில் சம்ப்பில் கிடந்தது. சங்கிலியை இழுத்துப் பிடிக்க வேண்டிய டென்ஷனர் முழுக்க நீண்டு, இனி நீள இடமில்லாமல் நின்றது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. கண்ணிக்குக் கண்ணி இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. புதுசையும் பழசையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தோம். பழசு ஒரு நெல் நீளம் கீழே இறங்கி நின்றது. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிஸ்காரர் புஷ் வைத்த ரோலர் சங்கிலியைக் கொண்டுவந்ததே இந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான். நம் பக்கத்திலும் சங்கிலிக்குக் குறைவில்லை. 1937-ல் பஸ் ஓட்டத் தொடங்கிய கோவை எல்.ஜி.பி. நிறுவனம்தான் இன்று ரோலான் சங்கிலி செய்கிறது. ஆனால் யார் செய்த சங்கிலியானாலும் ஆயில் கெட்டால் தேயும். டீசல் ஆயிலில் சேரும் கரி உப்புத்தாள்போல அறுக்கும்.

புதுச் செயின் போடுவதற்குமுன் மெக்கானிக் செய்த சோதனை எனக்குப் புதுசு. கிராங்கைத் திருப்பி நான்கு பிஸ்டன்களையும் பாதி உயரத்தில் நிறுத்தினார். அப்படி வைத்தால் கேமைத் திருப்பும்போது எதுவும் முட்டாது. ஒவ்வொரு சிலிண்டராக இரண்டு வால்வும் மூடும்படி கேமை வைத்து, குளோ பிளக் துளை வழியே பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து காற்றைக் கொஞ்சமாக விட்டார். “சைலன்சர் வாயில காத வையுங்க” என்றார் என்னிடம். மூன்றாவது சிலிண்டரில் பாம்பு சீறுகிறாற்போல உஸ்ஸென்று வந்தது. எக்ஸாஸ்ட் வால்வு வளைந்திருக்கிறது.

அதோடு கொட்டகை வேலை நின்றது. ஹெட்டைக் கழற்றி கும்பகோணத்து லேத்துக்குக் கொண்டுபோனோம். வால்வு மாற்றி, சீட் அரைத்து, பிரஷர் பார்த்து வாங்கிவர நான்கு நாள். செயின், கைடு, டென்ஷனர், பல்சக்கரம் சேர்ந்த முழு செட்டைவிட ஹெட் வேலைக்குத்தான் அதிகம் போனது. வால்வு முதல் சத்தத்திலேயே வளைந்ததா, அடித்துப் பார்த்த ஐந்தாறு தடவையில் வளைந்ததா என்று மெக்கானிக்கைக் கேட்டேன். மைத்துனரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

திரும்பப் பூட்டும்போது அவர் கைடையோ பல்சக்கரத்தையோ பழசாக விடச் சம்மதிக்கவில்லை. தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஓடினால் அதுவும் சீக்கிரம் கெடும். சங்கிலியில் நிறம் மாறிய கண்ணிகளைச் சக்கரத்துப் புள்ளிகளுக்கு நேராக வைத்து, டென்ஷனரின் பூட்டு ஊசியைக் கடைசியாகத்தான் உருவினார். பிறகு செல்ஃப் அடிக்காமல், நீளமான ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். எங்காவது கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்கக் கூடாது, அங்கேயே நிறுத்த வேண்டும். முட்டவில்லை. சக்கரத்துப் புள்ளிகள் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றன. முதல் ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி கலகலத்து, டென்ஷனருக்கு ஆயில் ஏறியதும் அடங்கியது.

டெல்டா வண்டிக்கு மீட்டர் பார்த்து ஆயில் மாற்றுவது தப்புக்கணக்கு என்பது என் கட்சி. கொள்முதல் வரிசையிலும் வயல் வரப்பிலும் ஃபர்ஸ்ட் கியரில் பாரத்தோடு உறுமும் நேரம் கிலோமீட்டரில் ஏறாது, ஆயிலில் ஏறும். கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. மைத்துனர் மீட்டரை மட்டும் பார்த்தார். அறுவடை சீசனுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை மாற்றியிருந்தால் போதும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிக்குமேல் கடகடவென்று கேட்டால், அன்றைய லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஓடும்போது நின்றுவிட்டால், இன்னொரு தடவை அடித்துப் பார்ப்போம் என்று மட்டும் சாவியைத் தொடாதீர்கள்.