ரேடியோவில் அரசியல் பேச்சு: பாட்டியும் கேட்க என்ன வழி?

"தேர்தல் பேச்சா? அதை நிறுத்திவிட்டுப் பாட்டு வையடா!"

ரேடியோவில் கட்சிக்காரர் பேசத் தொடங்கியதும் பல வீடுகளில் பாட்டி இப்படிச் சொல்வதுண்டு.

பாட்டிக்கு நாட்டு நடப்பில் அக்கறை இல்லையா? உண்டு. குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை, பருப்பு விலை ஏன் ஏறியது என்று தினமும் கேட்கிறாள். அதுதானே அரசியல்! அவளுக்குப் புரியும்படி பேசுவோர் இல்லை. அவ்வளவுதான்.

கடற்கரையில் ரேடியோ

சென்னைக்கு ரேடியோ புதிது அல்ல. 1930-ம் ஆண்டிலேயே மாநகராட்சி ஒலிபரப்பு நடத்தியது. பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களும் மெரினாவில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. இப்போது அது மயிலாப்பூரை அடுத்த கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

தேர்தல் சமயத்தில் கட்சிகள் வானொலியில் பேச 1977-ல்தான் முதன் முதலாக இடம் கிடைத்தது. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பேச்சை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். யாரையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால், எழுதியதை அப்படியே மேடைத் தமிழில் படித்தால் கேட்பவருக்குக் கொட்டாவி வருகிறது!

தனியார் எப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகவே இந்தப் பொறுப்பு வானொலிக்கே அதிகம்.

வழி காட்டியவர்கள்

1933-ல் அமெரிக்காவில் பாங்குகள் மூடிக் கிடந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரேடியோவில் பேசினார். நாம் போடும் பணத்தைப் பாங்கு என்ன செய்கிறது என்று எளிய சொற்களில் விளக்கினார். பாங்குகள் திறந்ததும், பயந்து பணத்தை எடுத்தவர்கள் மீண்டும் கொண்டுவந்து போட்டார்கள்.

நம் சென்னை வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் "இன்று ஒரு தகவல்" சொன்னாரே! சில நிமிடப் பேச்சு. முடிவில் ஒரு சிரிப்பு. அது அரசியல் அல்ல. ஆனாலும் படித்தவரும் படிக்காதவரும் காத்திருந்து கேட்டார்கள்.

அரசியல் பேச்சும் அப்படி அமையலாம். பேச்சு அடுப்படியிலிருந்து தொடங்கட்டும். மாம்பலத்துக் காய்கறிக்காரி கேள்வி கேட்கட்டும். எல்லாக் கட்சியாரும் சம நேரத்தில் பதில் சொல்லட்டும். பத்து நிமிடத்தில் முடியட்டும்.

படித்தவருக்கும் ஓர் ஓட்டு. படிக்காதவருக்கும் ஓர் ஓட்டு. எழுத்து அறியாதவருக்குக் காதுதான் பத்திரிகை. அந்தப் பத்திரிகை அவருக்குப் புரிய வேண்டாமா?