தறி ஓடும் ஊரில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி

பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு கணினி தானாக மறுபடி கிளம்பினால், பலரும் முதலில் வைரஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோய் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு வாங்கி வருகிறார்கள். சில நாளில் அதே கோளாறு திரும்புகிறது. விசைத்தறிகள் ஓடும் சோமனூர், பல்லடத்திலும், பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூரிலும் விண்டோஸைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தையும் பஞ்சுத்தூசியையும் பார்ப்பதே சரியான முறை.

எதையும் கழற்றும் முன் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, டேலி கணக்கு உட்பட முக்கியக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைப்பது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி அணைந்தால் தரவே கெட்டுவிடக்கூடும். இரண்டாவது, ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்வது. பக்கத்தில் மோட்டார் போடும்போதா, கரண்ட் போய் வரும்போதா, மதிய வெயிலிலா, பெரிய டிசைன் கோப்பைத் திறக்கும்போதா, சும்மா இருக்கும்போதா? பாதிக் காரணம் இந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் கண்டதும் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவு கட்டுவோர் உண்டு. முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றுவிட்டது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. சிஸ்டம் அமைப்புகளில் ‘தானாக ரீஸ்டார்ட் செய்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், அடுத்த முறை நீலத்திரை வந்து பிழையின் பெயரோடு நிற்கும். நீலத்திரையே இல்லாமல் சட்டென்று அணைந்தால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கமும் சூட்டின் பக்கமும் சாய வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மின்சாரத்தைத்தான் அதிக அக்கறையோடு சோதிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு லைனில் வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் அறுந்தால் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிசெகண்ட் வரைதான் நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அதே லைனில் இருக்கும் கணினிக்கு அந்தக் கணத்தில் வோல்டேஜ் பள்ளமாக இறங்கும். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், லைட் லேசாக மங்கி எழும், கணினி மட்டும் விழுந்துவிடும். ஸ்டெபிலைசர் இதற்குப் போதாது, யு.பி.எஸ். வேண்டும். அதன் பேட்டரி சாதாரணமாக இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவிட்சை அணைத்துப் பார்க்கலாம். கணினி உடனே விழுந்தால் முதலில் மாற்ற வேண்டியது பேட்டரி.

2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்து சேர்ந்தது. அதிலேயே கணினியையும் மாட்டியிருந்தால், பின்பக்கத்தில் ‘யு.பி.எஸ்.’ என்ற நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண நிலையில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கணினிக்கு அதிகம்.

அடுத்தது சூடு. பஞ்சு இழைகள் பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே மெத்தைபோலப் படிந்து காற்றை அடைத்துவிடும். பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைக்கும். வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறியும் தணியாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியை அணைத்துவிடும். ‘கொஞ்ச நாளாகவே ஸ்லோவாக இருந்தது’ என்று உரிமையாளர் சொன்னால் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊத வேண்டும். கம்பெனி கம்பிரசர் காற்றில் ஈரம் கலந்து வரும், அது கூடாது. காய்ந்து போன தெர்மல் பேஸ்டையும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடலாம்.

மின்சாரமும் சூடும் சரியாக இருந்து, நீலத்திரை ஒவ்வொரு முறையும் வேறுவேறு பிழையைக் காட்டினால் ரேமைச் சந்தேகிக்கலாம். ரேமைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்86’ஐ இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரு பிழை காட்டினாலும் ரேம்களை ஒவ்வொன்றாக மட்டும் போட்டுச் சோதித்தால் கெட்டது தெரியும்.

மென்பொருள் காரணமாக இருப்பதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை விழவைத்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சேஃப் மோடில் நுழைந்து ஒரேயொரு கோப்பை நீக்கியதும் அந்தக் கணினிகள் எழுந்தன. ஒரே பிழைப்பெயர் திரும்பத் திரும்ப வந்தாலோ, புதிய டிரைவரோ அப்டேட்டோ போட்ட பிறகு கோளாறு தொடங்கினாலோ, சேஃப் மோடில் அதை நீக்கிப் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் அழிக்கத் தேவையில்லை.

இதன் பிறகும் கோளாறு நிற்கவில்லை என்றால், நல்ல நிலையிலுள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடனாக வாங்கி மாட்டி, முன்பு விழுந்த அதே வேலையை அதே நேரத்தில் செய்து பார்க்க வேண்டும். அப்போதும் விழுந்தால் மிச்சமிருப்பது மதர்போர்டு. அதில் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ திரவம் கசிந்திருந்தாலோ, பழைய போர்டுக்குச் செலவழிப்பதைவிடப் புதியது வாங்குவதே மேல்.