பாட்டும் அவரே, மெட்டும் அவரே!

ராயகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் காவடி கிளம்பினால் காவடிச்சிந்து காதில் விழும். "யாரு கட்டின பாட்டு?" என்று கேட்டால், "பழைய பாட்டுல்லா, யாரு கண்டா?" என்று பதில் வரும்.

கட்டியவருக்குப் பெயர் உண்டு. அவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர்தான்!

அவரை என்னவென்று சொல்வது?

சினிமாவில் பாட்டு எழுதினால் பாடலாசிரியர். மெட்டுப் போட்டால் இசை அமைப்பாளர். இரண்டும் ஒருவரே என்றால்? "டி.ராஜேந்தர் மாதிரி" என்று ஆளைத்தான் காட்டுவோம்.

சங்கீத வித்வான்களிடம் ஒரு சொல் இருக்கிறது: வாக்கேயக்காரர். வாக்கு என்றால் சொல். கேயம் என்றால் இசை. தியாகராஜர், பாபநாசம் சிவன் எல்லாம் இந்த வரிசை. ரெட்டியாரும் இதே வரிசைதான்.

நடை அலுப்புக்குப் பாட்டு

19-ம் நூற்றாண்டில் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரிடம் புலவராக இருந்தவர் ரெட்டியார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடந்தபோது, வழிநெடுகப் பாடக் கட்டியதே காவடிச்சிந்து என்பார்கள். கால் எடுத்து வைக்கும் வேகம்தான் தாளம். எழுத்துத் தெரியாதவர்கள்கூட காதால் கேட்டே மனப்பாடம் செய்தார்கள்.

முப்பது வயதை எட்டும் முன்பே ரெட்டியார் காலமாகி விட்டார்.

மெட்டு சாகவில்லை. கச்சேரி, நாடகம், சினிமா என்று போன இடமெல்லாம் "காவடிச்சிந்து மெட்டு" என்றே பெயர் வாங்கியது. போட்டவர் பெயர்தான் பின்னால் போய் விட்டது.

சினிமாக்காரருக்கு டைட்டிலில் பெயர் வரும். ரெட்டியாருக்கு டைட்டில் ஏது? அடுத்த காவடிக்குப் பாடுகிறவர், பெயரை ஒரு தடவை சொல்லி ஆரம்பிக்கட்டும். சென்னிகுளத்துப் புலவருக்கு அதுதான் சம்பளம்!