வட்டம் சுருங்கும் வயதில் ஒரு வட்டத்தொட்டி

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டின் தொட்டிக்கட்டில் 1920களில் நண்பர்கள் கூடத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இருட்டும்வரை பேசுவார்கள். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. ‘வட்டத்தொட்டி’ என்று தமிழ் இலக்கிய உலகம் இன்றும் பேசும் கூட்டம் இதுதான். பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறினார். சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அவர் வீட்டில் சாப்பாடும் பேச்சும் காத்திருந்தன.

அங்கே நட்பு கொண்டிருந்தவர்களின் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876. ராஜாஜி 1878. கல்கி 1899. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் 1904. இடைசெவல் கிராமத்திலிருந்து வந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923. மூத்தவருக்கும் இளையவர்களுக்கும் நடுவே 47 ஆண்டுகள். 1880களின் தொடக்கத்தில் பிறந்த டி.கே.சி. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான நண்பர். மனித உறவுகள் வயதோடு எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிறவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

ஏனென்றால் ஆய்வுகள் பொதுவாகச் சொல்வது வேறு. ஐரோப்பிய நாடு ஒன்றில் லட்சக்கணக்கானோரின் கைபேசி அழைப்புகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியானது. மனிதர்கள் மிக அதிகம் பேருடன் பேசுவது 25 வயதை ஒட்டித்தான். அதன்பின் எண்ணிக்கை இறங்குமுகம். 277 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதையே சொன்னது. இளமை வரை வட்டம் விரிகிறது, பிறகு சீராகச் சுருங்குகிறது. குடும்பத்தார் எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. உதிர்வது நண்பர்களும் அறிமுகக்காரர்களும்தான்.

இது முதுமையின் சோகம் என்றுதான் நீண்ட நாள் நினைத்திருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் வேறு விளக்கம் தந்தார். முன்னே நிறைய காலம் இருக்கிறது என்று நினைக்கிறவர் புது மனிதர்களைத் தேடுகிறார். யாரால் என்ன கற்கலாம், எந்தக் கதவு திறக்கும் என்று பார்க்கிறார். காலம் குறைவு என்று உணர்கிறவர் மனதுக்கு நிறைவு தரும் சிலரை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்கிறார். இங்கே வேலை செய்வது வயதைவிட எஞ்சிய காலம் பற்றிய உணர்வுதான் என்பது அவர் வாதம். ஹாங்காங் 1997-இல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டதை ஒட்டி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க, அங்கிருந்த இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களோடு இருக்கவே விரும்பினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், இளைஞர்கள் மறுபடி புது முகங்களைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

எனவே சுருங்குவதில் ஒரு விவேகம் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கவலையும் இருக்கிறது. பிடித்துக்கொண்ட அந்தச் சிலரும் நமக்கு முன்பே போய்விட்டால்? 1954-ஐ நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் டி.கே.சி. குற்றாலத்தில் காலமானார். செப்டம்பரில் கவிமணி. டிசம்பரில் கல்கி. ஒரே ஆண்டில் மூவர். ராஜாஜி 1972 வரை இருந்தார். பிடித்துக்கொண்ட சிலரை மட்டும் நம்பியிருப்பவரின் கடைசிக் காலம் எவ்வளவு வெறுமையாகிவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். டி.கே.சி. இருபது வயதுப் பையன்களுக்கும் தன் வீட்டில் இடம் வைத்திருந்தார். அவர்களிடம் கவிதை ரசனையை ஒப்படைத்தார். அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்ற இந்தத் தவிப்பை நடுவயது வளர்ச்சியின் மையமாக வைத்தார் உளவியலாளர் எரிக் எரிக்சன்.

குற்றாலத்தை அடுத்த தென்காசிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க எரிக்சன் தேவையில்லை. காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு வேண்டுகோளைக் கல்லில் வெட்டிவைத்துப் போயிருக்கிறான். பின்னொரு நாள் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்று. பிறக்காத மனிதர்களோடு ஓர் அரசன் ஏற்படுத்திக்கொண்ட உறவு அது. தீக்கு இரையாகிப் பல காலம் மொட்டையாய் நின்ற கோபுரம் 1990-இல் மறுபடி எழுந்தபோது, அந்தப் பணிவுக்கு உரியவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

உறவுகள் மாறுகின்றன, சரி. மனிதர் மாறுவாரா? ஸ்காட்லாந்தில் 1950-இல் 14 வயது மாணவர்கள் 1,208 பேரின் குணங்களை ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். 63 ஆண்டுகள் கழித்து அவர்களில் 174 பேரை மீண்டும் மதிப்பிட்டார்கள். அன்றைய பிள்ளைக்கும் இன்றைய கிழவருக்கும் நடுவே பெரிதாக ஒட்டுறவே தெரியவில்லை. சின்ன எண்ணிக்கைதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது. இதில் இன்னொரு விந்தை உண்டு. 18 முதல் 68 வயது வரை 19,000-க்கு மேற்பட்டோரிடம் கேட்ட ஆய்வு 2013-இல் வெளியானது. கடந்த பத்தாண்டில் நிறைய மாறிவிட்டோம் என்று எல்லா வயதினரும் ஒப்புக்கொண்டார்கள். வரும் பத்தாண்டில் அவ்வளவு மாற மாட்டோம் என்றும் எல்லா வயதினரும் நம்பினார்கள்!

கி.ரா. என்கிற ராஜநாராயணனையே எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் படிப்பு முடிக்காத விவசாயி. முதல் சிறுகதை அச்சானபோது வயது 35-ஐத் தொட்டிருந்தது. அறுபதுகளில் ஊரைவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். 97 வயது வரை வாழ்ந்து 2021-இல் மறைந்தார். இடைசெவல் கரிசலில் நின்ற இருபது வயதுப் பையனிடம் இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பானா?

டி.கே.சி.க்கும் பெரிய அடி விழுந்தது. மகன் தீத்தாரப்பனைப் பறிகொடுத்தார். அப்போது கவிமணி எழுதி அனுப்பிய இரங்கற்பாவை, அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் அவர் வியந்து ரசித்தார் என்று நண்பர்கள் சொல்லிவந்தார்கள். கல்நெஞ்சு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இழப்பைத் தாங்கும் தோள் அவருக்குக் கவிதை வடிவில், நண்பர் கையால் வந்தது. உறவுகளின் வலு உடலையும் காக்கிறது என்பதற்கு எண்ணிக்கையே இருக்கிறது. 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களோடு 2010-இல் தொகுத்தபோது, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

நட்புக்கு நேரம் வேண்டும். அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக ஏறக்குறைய 200 மணி நேரம் ஆகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டார். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு ஆண்டு. வட்டத்தொட்டியின் ரகசியம் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். மாறாத இடம், மாறாத நேரம், பேச ஒரு பொருள். வர முடியாதவர்களுக்கு டி.கே.சி. கடிதம் எழுதினார், அவை தனி நூலாகவே வந்திருக்கின்றன.

தென்காசி மாவட்டத்துத் தெருக்களில் இன்னொரு வட்டம் உண்டு. திண்ணையில் நாலைந்து பெண்கள், மடியில் சொளவு. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைச் சுற்றுகிறார்கள். கை ஓடுகிறபோதே, “எக்கா, ஒம் மவன் போன் போட்டானா?” என்று வாயும் ஓடுகிறது. கல்யாணமாகி வந்த புதிதில் மதினியோடு பீடி சுற்ற உட்கார்ந்தவள், பேத்தி எடுத்தபிறகும் அதே திண்ணையில் இருக்கிறாள். புகையிலைத் தூளும் கழுத்து வலியும் அவளைத் தின்கின்றன. அந்த வேலையை நான் ஒருபோதும் புகழ மாட்டேன். ஆனால் 200 மணி நேரத்தை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். கண் மங்கி, விரல் விறைத்துச் சொளவை இறக்கிவைக்கும் நாளில் அவள் கூலியோடு கூட்டத்தையும் இழக்கிறாள். பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள்.

கிளை நூலகத்திலோ ஊர்ச் சமுதாயக் கூடத்திலோ வாரம் ஒரு மாலையை இவர்களுக்கென்று ஒதுக்கலாம். செலவு ஒரு பாய், ஒரு விளக்கு, கொஞ்சம் காப்பி. மூத்தோர் சந்திப்பு என்று பெயர் வைத்து அறுபதைத் தாண்டியவர்களை மட்டும் கூப்பிட்டுவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேண்டும். ஒத்த வயதுக்காரர்கள் மட்டும் உட்காரும் பாயில் ஆண்டுக்கு ஆண்டு இடம் காலியாகிக்கொண்டே போகும்.