முறிவும் இணைவும்

பாணைப் பொங்கச் செய்யும் மதுவம் ஒருகல நுண்ணுயிரே. அதன் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. என்னும் ஈரிழையிற் பொதிந்துள்ளது. ஈரிழையும் ஒருங்கே அறுந்தால் கலம் அழியுமென்றே எண்ணத்தோன்றும். ஆயின் அமெரிக்காவில் ரெறி ஓர்-வீவர், யாக் சொஸ்ராக், றொட்னி றொத்ஸ்ரைன் ஆகியோர் 1981இல் வியத்தகு உண்மையொன்றை வெளியிட்டனர். மதுவக் கலத்துட் புகுத்தப்பட்ட டி.என்.ஏ. வளையம், முன்னரே வெட்டுண்டிருப்பின், தன்னையொத்த நிறமூர்த்தப் பகுதியுடன் பன்மடங்கு மிகுதியாக இணைந்தது. முறிவே இணைவுக்கு வித்தாயிற்று.

1983இல் இவர்கள் பிராங்க் ஸ்ராலுடன் கூடி இதனை விளக்கினர்: அறுந்த முனை தன்னையொத்த முழு இழையை நாடிப் படியெடுத்துக் குறையை நிரப்பும், அவ்வேளை பரம்பரையலகுகள் மீளச்சேர்தலுங் கூடும்.

இப்பணியிலீடுபடும் றாட் 51 என்னும் மதுவப் புரதத்துக்கு ஒப்பானது மனிதரிடத்தும் உண்டு. அதனை முறிவிடத்திற் சேர்க்கும் பி.ஆர்.சி.ஏ. 2 பழுதுற்றோர்க்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து மிகும்.