இரண்டு காற்றுக்கு நடுவே
(முதுகில் ஒரு பை – 6)

குளிர்நாடுகளில் முதுகுப்பையோடு ஊர் சுற்றுபவர்கள் வசந்தத்துக்கும் இலையுதிர் காலத்துக்கும் காத்திருப்பார்கள். கூட்டம் இருக்காது, அறை வாடகை இறங்கியிருக்கும். நான்கு பருவம் இல்லாத நமக்கு அப்படி ஒரு காலம் உண்டா என்று சென்ற வாரம் படித்துவிட்டுச் சிலர் கேட்டார்கள். உண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை.

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச்சில் ஓயும். தென்மேற்குக் காற்று மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நடுவில், ஏப்ரலிலும் அக்டோபரிலும், காற்று திசையில்லாமல் தளர்ந்து கிடக்கும். காலை வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடியோடு கொட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை அதிகம் பெய்வதும் இந்த மாதங்களை ஒட்டித்தான். அதற்குப் பயந்து பலர் பையை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கோ காஜாங் பக்கத்து மலைகளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. முதல் நாள் மழை கழுவிய வானத்தில், மறுநாள் காலை தீத்திவாங்சா மலைத்தொடர் மடிப்பு மடிப்பாகத் தெரியும்.

செமினியில் இருக்கும் புரோகா குன்று 400 மீட்டர்தான். சனி, ஞாயிறில் சூரிய உதயம் பார்க்க லாலாங் புல்லுக்கு நடுவே வரிசை கட்டி ஏறுவார்கள். ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். புல் உரசும் சத்தம் கேட்கும்.

பையைத் தூக்கிக்கொண்டு இரவு தங்க வேண்டுமானால் உலு லங்காட்டின் நுவாங் மலை, 1,493 மீட்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருபவர்களுக்குக் காஜாங் வரை கொமுட்டர் இருக்கிறது. 2017 முதல் எம்ஆர்டியும் உண்டு. அங்கிருந்து 14ஆம் கட்டை, 18ஆம் கட்டை தாண்டி பங்சுன் போக வண்டி வேண்டும். திரும்பி வரவும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வன இலாகாவின் அனுமதி இல்லாமல் ஏறக்கூடாது. கேட்கும்போதே இரவு தங்கலுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த மாதங்களில் மலையேற ஒரே சட்டம், பால்மரம் வெட்டியவர்களின் நேரக்கணக்கு. காஜாங் ரப்பர் ஊர்; கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் நட்டது இங்கேதான். நம் பாட்டிமார் இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார்கள். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். பட்டை நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. மேகத்தைப் பார்த்துக் கூலியைக் கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அந்தக் கணக்கை நாம் விட்டுவிட்டது எனக்கு வருத்தம்தான்.

ஆகவே முதல் நாள் விடிந்ததும் பங்சுனில் புறப்பட்டு, முடியவே முடியாதது போல நீளும் அந்த அகலப் பாதையைக் கடந்து, நண்பகலுக்குள் லோலோ முகாமைச் சேருங்கள். கூடாரம் மேட்டில் இருக்கட்டும். மறுநாள் இருட்டில் கிளம்பினால், மேகம் திரளுமுன் உச்சி பார்த்து இறங்கத் தொடங்கிவிடலாம். செங்குத்து முழுவதும் லோலோவுக்கு மேலேதான். மாற்றுத் துணியைக் குப்பைப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். அட்டைக்குக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகினால் பாதி வேலை முடிந்தது.

உயிரை எடுப்பது அட்டையல்ல, ‘கெபாலா ஆயிர்’. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். மேல் மலையில் மழை கொட்டும். அங்கே மரமும் சருகும் அடைத்துத் தேங்கிய நீர் திடீரென்று உடைத்துக்கொண்டு இறங்கும். முன்னறிகுறி சிறியது: கால் விரல் தெரிந்த ஓடை தேத்தண்ணி நிறமாகும், சருகும் குச்சியும் மிதந்து வரும், கீழே கல் உருளும் சத்தம் கேட்கும். அப்போது செருப்பை எடுக்கவும் நிற்காதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலவே வேண்டாம். மழை விட்டால் இப்படிப்பட்ட சிற்றாறு பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அதுவரை உட்கார்ந்திருக்க ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

அடுத்த வாரம்: இதே மலைக்கு ஜண்டா பாய்க் வழி.