தட்டேக்காடு: காடு நீரைத் தொடும் இடம்

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கோதமங்கலத்துக்கு அருகே பெரியாற்றின் வடகரையில் இருக்கிறது தட்டேக்காடு பறவைகள் சரணாலயம். பரப்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர்தான். பூதத்தான்கெட்டு அணையின் ஷட்டர்களை இறக்கிவிட்டால் ஆறு தேங்கி ஏரிபோல் அகன்றுவிடும். அந்த நீரின் விளிம்பிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடு தொடங்குகிறது. நீர்ப்பறவைகளும் காட்டுப் பறவைகளும் சில நிமிட நடைதூரத்துக்குள் அடுத்தடுத்துக் கிடைப்பது இதனால்தான். 250க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன.

திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க 1933இல் வந்த சாலிம் அலி இந்தக் காட்டையும் ஆராய்ந்தார். தீபகற்ப இந்தியாவில் பறவை வளம் மிகுந்த இடம் இதுவே என்பது அவர் முடிவு. சரணாலய அறிவிப்பு வந்தது 1983இல். அரை நூற்றாண்டு காத்திருந்தாலும், அவர் உயிரோடு இருக்கும்போதே வந்தது நிறைவான செய்தி. இன்று சரணாலயம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

நீர்ப்பரப்பில் கண்ணுக்குத்தான் வேலை. வெட்டவெளி என்பதால் கொக்கு, செந்நாரை, நீர்க்காகம் எல்லாம் தொலைவிலேயே தெரியும். நின்று கவனிக்க வேண்டியது பாம்புத்தாராவை. உடல் முழுக்க நீரில் அமிழ்ந்திருக்க, நீண்ட கழுத்து மட்டும் பாம்புபோல மேலே நெளியும். அதன் இறகுகள் வாத்தின் இறகைப்போல நீரைத் தள்ளுவதில்லை; நனைந்து கனக்கின்றன. மிதப்பு குறைவதால் சுலபமாக முங்கி, கூரிய அலகால் மீனைக் குத்திப் பிடிக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை, வேட்டை முடிந்ததும் பட்ட மரக்கிளையில் சிறகை விரித்து வெகுநேரம் வெயில் காய்வது.

காட்டுக்குள் நுழைந்தால் காதுதான் வழிகாட்டி. பச்சை முதுகும் நீலச் சிறகும் சிவந்த அடிவயிறும் கொண்ட ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறி இரை தேடும். இருந்தும் கண்ணில் படுவது அரிது. வடக்கிலிருந்து குளிர்காலத்தில் வலசை வரும் இது, விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் தமிழில் இந்தப் பெயர் பெற்றது. எவ்வளவு பொருத்தமான பெயர்! வெகுநேரம் அமைதியாகக் கிடக்கும் காடு சில சமயம் திடீரென்று உயிர்பெறும். துடுப்புவால் கரிச்சான், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் எனப் பல இனங்கள் ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு நகரும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சி இன்னொன்றுக்கு உணவாகும்; ஆபத்து வந்தால் கரிச்சான் எச்சரிக்கும். கூட்டம் கடந்துபோகும்வரை அசையாமல் நிற்பவருக்கே பாதிப் பறவைகளாவது தெரியும்.

தட்டேக்காட்டுக்குப் பலரை வரவழைப்பது தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இரவுப் பறவை இது. நீளம் 23 சென்டிமீட்டர் அளவு. பகலில் ஆணும் பெண்ணும் தாழ்ந்த கிளையில் ஒட்டி உட்கார்ந்து, அலகை மேல்நோக்கித் தூக்கி, கண்ணை மூடிக்கொள்ளும். ஆண் சாம்பல் நிறம், பெண் செம்பழுப்பு. இரண்டு காய்ந்த சருகுகள் கொடியில் சிக்கியிருப்பதாகவே தோன்றும். உள்ளூர் வழிகாட்டி கையை நீட்டிக் காட்டிய பிறகும், புதியவர்களுக்குப் பறவை உருப்பெறச் சில நொடிகள் ஆகும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளும் இருப்பதால் அதுவே ஏற்ற பருவம். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். காட்டின் மங்கிய ஒளிக்கு 8x42 பைனாகுலர் பொருந்தும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை வெளிச்சத்தைத் தாராளமாக வாங்கும்.

பதிவுசெய்த குரலைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் கெடுதலானது. போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டதென்று நம்பி, அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டு வருகிறது. தவளைவாயன் இடுவது ஒரே ஒரு முட்டை. பகல் முழுவதும் அதன்மேல் அமர்ந்திருப்பது ஆண். அது கலைந்து பறந்தால் வெள்ளை முட்டை எல்லார் கண்ணுக்கும் வெளிச்சமாகிவிடும்.